ஐந்தடி நிழல்

“வீட்டைக் கட்டிப் பார்; கல்யாணம் செய்து பார்” என்பது நம் முன்னோர் மொழி. மனத்திலுள்ள திட்டத்தைக் கையிலுள்ள பொருள் சோதித்துப் பார்க்கும் இடமன்றோ வீடு! அறைகளுக்கெல்லாம் கணக்கிட்ட பின்னர்ப் பணம் எஞ்சினால் முகப்பில் ஒரு தாழ்வாரமோ பந்தலோ அமைப்பது பொதுவான வழக்கம். ஆனால் சிங்கப்பூரின் பழைய கடைவீடுகளில் முகப்பு நிழலே முதற்கணக்காக அமைந்தது.

1822ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவினருக்கு ஓர் ஆணை விடுத்தார். செங்கல்லால் கட்டி ஓடு வேயும் வீடுகள் ஒரே வகையான முகப்புடன் விளங்க வேண்டும்; ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஆழமுள்ள தாழ்வாரம் கொண்டிருக்க வேண்டும்; அத்தாழ்வாரங்கள் தெருவின் இருமருங்கும் தொடர்ந்து, எப்போதும் திறந்திருக்கும் நடைவழியாக அமைய வேண்டும் என்பது அதன் சாரம். அதுவே பின்னாளில் ஐந்தடி வழி எனப் பெயர் பெற்றது. மலாய் மொழியில் ‘காக்கி லீமா’. நம்மவர் நாவில் ‘அஞ்சடி’.

செங்கல் வீட்டுக்குச் செங்கல் வேண்டுமே! 1819இல் பினாங்கிலிருந்து ராஃபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் சூளை அமைத்தார்; பினாங்கிலிருந்து கொத்தரையும் தச்சரையும் வரவழைத்தார். இந்நகரின் தொடக்கக்காலக் கட்டடப் பணியில் தமிழர் கைவண்ணமும் கலந்திருந்தது.

இனிச் செலவுக்கு வருவோம். எடுத்துக்காட்டாக, 16 அடி முகப்பும் 60 அடி ஆழமும் கொண்ட ஒரு மனையை எண்ணுக. அதன் பரப்பு 960 சதுர அடி. முகப்பில் ஐந்தடி விட்டால் 80 சதுர அடி, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு, வழிப்போக்கனுக்குப் போய்விடும். தூணும் தளமும் உடையவன் செலவே. ஆயினும் இக்கணக்கில் வரவும் உண்டு. தரையில் விட்டுக்கொடுத்த இடத்துக்கு மேலே, தூண்களின்மீது மாடியை நீட்டிக் கட்டினான். கீழே இழந்ததை மேலே பெற்றான். மாடியே கூரையாகி நடப்போர்க்கு நிழல் தந்தது. பொதுநலமும் தன்னலமும் ஒரே தூணில் தாங்கப்பட்டன எனலாம்.

எனினும், தன் பொருளால் கட்டிய இடத்தைத் தனதென்று கருதுவது மனித இயல்பு. வணிகர் சரக்கை அடுக்கினர். நடப்போர் வெயிலிலும் மழையிலும் தெருவில் இறங்கினர். நகராட்சி சரக்குகளை அகற்ற முற்பட்டபோது, 1888 பிப்ரவரியில் கடைகள் அடைக்கப்பட்டுக் கலகம் மூண்டது. ‘தாழ்வாரக் கலகம்’ என்று அதனை வரலாறு குறிக்கும். நிழலைக் கட்டுமுன் அதன் செலவை மட்டும் கணக்கிட்டால் போதாது, அதன் உரிமையையும் கணக்கிட வேண்டும் என்பதே அக்கலகம் புகட்டும் பாடம்.

லிட்டில் இந்தியா வட்டாரம் 1989இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. சிராங்கூன் சாலையிலும் பஃபலோ சாலையிலும் இன்றும் ஐந்தடி வழியில் மல்லிகை மணக்கிறது. மாலை கட்டுவோர் ஒருபுறம் இருக்க, மறுபுறம் மக்கள் ஒதுங்கி நடக்கின்றனர். பழைய வழக்கு முற்றும் தீர்ந்ததாகத் தெரியவில்லை; எனினும் பகை நீங்கிப் பழக்கமாயிற்று.

மாணவர்கள் அங்குச் செல்லும்போது தரையை நோக்குக. சில இடங்களில் ஒரு கடையின் தளம் உயர்ந்தும் அடுத்தது தாழ்ந்தும் இருக்கும். ஒவ்வொருவரும் தத்தம் செலவில் அமைத்ததன் சுவடு அது. தளங்கள் பல, நிழல் ஒன்று. வழிப்போக்கன் இளைப்பாறத் திண்ணை கட்டிய மரபில் வந்த நமக்கு இது புதிதன்று. திண்ணை மனம் உவந்து தந்தது. ஐந்தடி வழி ஆணைக்கு இணங்கித் தந்தது. எவ்வாறு தந்தாலும், வீட்டுக் கணக்கில் அயலானுக்கும் ஐந்தடி ஒதுக்கிய நகரில் நடப்பவர்க்கு வெயில் தணிகிறது.