செம்பனைக்குத் துணை வந்த வண்டு



சுங்கை செம்பிலாங் வட்டாரத்தில் சாலையில் செல்லும் எவர் கண்ணிலும் செம்பனை படாமல் இராது. அதன் குலையில் காய் பிடிப்பது எவ்வாறு? இக்கேள்விக்கு 1970ஆம் ஆண்டுகள் வரை அறிஞர் பலரும் ‘காற்றால்’ என்றே விடை கூறி வந்தனர். தென்னையும் பனையும் போல நெடிதுயர்ந்த மரம். மகரந்தமோ பொடிப் பொடியாக உதிர்வது. ஆகவே காற்றுதான் அதனைச் சுமந்து செல்கிறது என்று எண்ணினர். அந்த எண்ணம் பிழை என்று தெரிய வந்த வரலாற்றையே இன்று காண்போம்.

செம்பனையின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848ஆம் ஆண்டில் ஜாவாத் தீவின் போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. அவற்றின் வழி வந்த மரங்கள் சுமத்திராவில் அழகுக்காக வளர்க்கப்பட்டன. அங்கிருந்து விதைகள் நம் சிலாங்கூருக்கு வந்தன. பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோக்கோனியே, 1917ஆம் ஆண்டில் நம் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை வாணிக முறையில் பயிரிட்டார். இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் அதுவே. தோட்டத்தின் பெயர் தென்னமரம்; நட்டதோ செம்பனை! அன்று பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய அவ்வூர், 2007ஆம் ஆண்டு முதல் பெஸ்தாரி ஜெயா எனப்படுகிறது.

மரம் கடல் கடந்து வந்துவிட்டது. ஆனால், தாயகத்தில் அதனோடு வாழ்ந்த துணை ஒன்று உடன் வரவில்லை. அந்தக் குறையை நெடுங்காலம் எவரும் உணரவில்லை.

செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் தோன்றினாலும், ஒரே காலத்தில் தோன்றுவது அரிது. சில காலம் ஆண் கொத்துகளே வரும். பிறகு பெண் கொத்துகள் வரும். ஆகவே ஒரு மரத்தின் மகரந்தம் வேறொரு மரத்தைச் சென்று சேர வேண்டும். பெண் பூவோ சில நாட்களே மகரந்தத்தை ஏற்கும் நிலையில் இருக்கும். அந்நாட்கள் தவறினால் குலையில் காய்கள் பிடிக்கா; குலை அழுகிப் போவதும் உண்டு.

தீபகற்ப மலேசியாவில் இலைப்பேன் வகையைச் சேர்ந்த மிகச் சிறு பூச்சியொன்று இப்பணியை ஓரளவு செய்து வந்தது. இளமரங்கள் நிறைந்த தோட்டங்களிலும் சபா மாநிலத்திலும் அது போதவில்லை. எனவே மனிதக் கைகளே அவ்வேலையைச் செய்ய வேண்டியதாயிற்று. ஆண் பூவின் மகரந்தத்தைச் சேகரித்து, உலர்த்தி, முகப்பூச்சு மாவு போன்ற மென்மையான பொடியில் கலந்து, பெண் பூங்கொத்தின் மேல் ஊதித் தெளித்தனர். சில நாட்களுக்கு ஒருமுறை மரம் மரமாகச் சென்று, முள் நிறைந்த மட்டைகளை விலக்கி, மலர்ந்த கொத்து எது என்று தேட வேண்டும். இவ்வேலையைச் செய்தவர்களுள் தோட்டத்துப் பெண்கள் பலர்.

இங்கே நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். காற்றே போதுமானதாயின், ஆயிரக்கணக்கான மரங்கள் அடுத்தடுத்து நிற்கும் தோட்டத்தில் மனிதக் கை எதற்கு? அப்பெண்களின் அன்றாட உழைப்பே பழைய கருத்துக்கு மறுப்பாக இருந்தது. ஆயினும் அதனை மறுப்பாக எவரும் படிக்கவில்லை.

படித்தவர் லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்ட நிர்வாகி. யூனிலீவர் நிறுவனத்தில் பணியாற்றிய இவர், ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் செம்பனையின் ஆண் பூக்களில் சிறு பூச்சிகள் மொய்ப்பதைக் கண்டிருந்தார். பின்னர் சபாவில் காய்ப்பு குன்றியதைக் கண்டபோது, அங்கே அத்தகைய பூச்சிகள் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. பூச்சிகளே காரணம் என்ற அவர் கருத்தை வல்லுநர் பலர் முதலில் ஏற்கவில்லை. ஆயினும் அவர் விடவில்லை.

1977ஆம் ஆண்டில் ரஹ்மான் சைட் என்னும் பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் கேமரூனில் ஆய்வைத் தொடங்கினார். பூச்சி அண்டாமல் தடுக்கப்பட்ட பெண் பூங்கொத்துகளில் காய்ப்பிடிப்பு மிகக் குறைந்தது. காற்று அன்று, வண்டே தூதன் என்பது விளங்கிற்று. நீண்ட மூக்குடைய அந்த வண்டு, ஓர் அரிசி மணியைவிடச் சிறியது. அது ஆண் பூவில் உண்டு, அங்கேயே முட்டையிட்டு வாழ்கிறது. மலர்ந்த ஆண் பூ சோம்பின் வாசம் வீசும். பெண் பூவும் ஏறக்குறைய அதே வாசத்தை வீசி வண்டை அழைக்கிறது. வந்த வண்டுக்கு அங்கே உணவில்லை. ஏமாந்து திரும்புமுன், தன் உடலில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துச் செல்கிறது!

அந்நியப் பூச்சியை நாட்டுக்குள் விடுவது எளிய செயலன்று. பிற பயிர்களை அது அழிக்குமா என்று முதலில் சோதித்தனர். செம்பனையன்றி வேறெதிலும் அது பெருகாது என்று தெளிந்த பிறகே, 1981ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜொகூரின் குளுவாங் பகுதித் தோட்டத்தில் அதனைத் திறந்து விட்டனர். ஏறக்குறைய ஓராண்டுக்குள் அது தீபகற்பம் முழுவதும் பரவிற்று. குலைகள் காய் நிறைந்து கனத்தன. ஆலைகளில் பருப்பின் அளவும் கூடிற்று.

கையால் மகரந்தம் தூவும் வேலையும் அத்துடன் முடிந்தது. கடும் உழைப்பு ஒழிந்தது என்பது உண்மை. அந்த வேலைக்கென இருந்த ஆட்கள் தேவைப்படாமற் போனதும் உண்மை. அறிவியலின் வெற்றியைக் கூறும்போது இவ்விரண்டையும் சேர்த்துக் கூறுவதே நேர்மை.

வண்டைக் கொண்டுவந்ததோடு கதை முடியவுமில்லை. சில பகுதிகளில் காய்ப்பிடிப்பு குறைவதாகப் பிற்காலத்தில் செய்திகள் வந்தன. அதன் காரணத்தை ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர்.

நேயர்களே! டேவிட்சன், சைட் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. நிரைநிரையாக நடந்து பூப்பூவாகப் பொடி தூவிய பெண்களின் பெயர்கள்? அவர்களுள் பலர் இன்று பாட்டிமார்களாக நம்மிடையே இருக்கலாம். மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருந்தால் அவர்கள் அருகே அமர்ந்து கேளுங்கள். எந்தப் பூ மலர்ந்த பூ என்று எப்படி அறிந்தீர்கள், ஒரு நாளில் எத்தனை மரம் பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். நூலில் உள்ளதைப் படிப்பது கல்வி. கண்ணெதிரே உள்ளதைக் கண்டு ஏன் என்று கேட்பதும் கல்வியே.