உள்நாட்டுத் தடத்தில் அயல்நாட்டுப் பேருந்து

ஒரு நாட்டில் பதிவு செய்யப்பெற்ற பேருந்தைக் கொண்டு, பிறிதொரு நாட்டின் எல்லைக்குள்ளேயே பயணிகளை ஏற்றி இறக்கும் போக்குவரத்துத் தொழில், ஐரோப்பியச் சட்ட வழக்கில் ‘கபோட்டாஜ்’ எனப்படும். கரையோரத் துறைமுகங்களுக்கிடையே நிகழும் கப்பல் வாணிகத்தைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லே, பிற்காலத்தில் தரைவழிக்கும் வழங்கலாயிற்று.

இத்தொழிலை நடத்தும் உரிமையை முதலில் வகுத்த 1992ஆம் ஆண்டு விதியை, ஐரோப்பிய நாடாளுமன்றம் முறைப்படி மீண்டும் கலந்தாலோசிக்கப்படவில்லை என்னும் காரணத்தால் ஐரோப்பிய நீதிமன்றம் 1994இல் ரத்து செய்தது. எனினும், சேவைகள் ஸ்தம்பித்துவிடாவண்ணம், புதிய விதி பிறக்கும்வரை பழையதன் பலன்களை நீடிக்கச் செய்தமை விவேகமான செயலாகும். 1997இல் இயற்றப்பட்ட மாற்று விதிக்குப் பதிலாக, 2011 டிசம்பர் 4 முதல் 1073/2009 எண் விதி நடைமுறையில் உள்ளது.

இதன்படி, ஒப்பந்தத்தின்பேரில் தொழிலாளர், மாணவர் போன்ற குறிப்பிட்ட வகுப்பாரை ஏற்றிச் செல்லும் விசேஷ சேவைகளும், சுற்றுலா முதலிய அவ்வப்போதைய பயணங்களும் தற்காலிகமாக அனுமதிக்கப்படுகின்றன. வழக்கமான தடச்சேவையோ, சர்வதேசச் சேவையொன்றின் அங்கமாக மட்டுமே நிகழலாம். நகர, புறநகரத் தேவைகளுக்காக அதனை நடத்தலாகாது. போட்டியைத் திறந்துவிட்டு, உள்ளூர்ப் போக்குவரத்தையும் காக்க முயலும் இவ்வரம்பே விதியின் உயிர்நிலை.

வண்டியில் இளநீலத் தாளில் அச்சிட்ட ஐரோப்பியச் சமூக உரிமத்தின் சான்றிட்ட படி இருத்தல் வேண்டும்; அவ்வப்போதைய சேவையாயின், புறப்படுமுன் பூர்த்தி செய்த பயணப் படிவமும் உடனிருத்தல் அவசியம். உரிமம் பத்தாண்டுகள் வரை செல்லும். மதிப்புக் கூட்டு வரியோ, பதிவு நாட்டைப் பொறுத்ததன்று. ஒவ்வொரு நாட்டிலும் கடந்த தூரத்தைப் பொறுத்ததாகும்.