மருந்து விலையும் ஒரு சம்மேளனத்தின் குரலும்

"உந்த விலையை ஆர் தீர்மானிக்கிறது?" வன்னியில் மருந்து பற்றிப் பேசும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்வி இது.

சட்டப்படி பதில் எளிது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், சுகாதார அமைச்சர் வர்த்தமானி மூலம் உச்ச விலையை அறிவிக்கலாம். 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு அவ்வாறு விலை விதிக்கப்பட்டது.

ஆனால் அந்த முடிவின் மீது செல்வாக்குச் செலுத்த முயலும் அமைப்பும் ஒன்று உண்டு: இலங்கை மருந்துத் தொழிற்துறைச் சம்மேளனம். இறக்குமதியாளர், விநியோகஸ்தர், உற்பத்தியாளர் எனப் பலர் அதில் அங்கத்தவர்கள். தங்கள் செலவுக் கணக்கை அரசின் முன் வைப்பதே அதன் வேலை. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியபோது, விலையை உயர்த்துமாறு அது கோரியது. அதில் நியாயமும் இருந்தது. நட்டத்துக்கு எவரும் மருந்து இறக்குமதி செய்யமாட்டார்கள். அந்த ஏப்ரலில் 60 மருந்துகளின் விலை 40 சதவீதம் உயர்ந்தது.

தென்னாபிரிக்காவில், மலிவு மருந்துக்கு வழிவிட்ட சட்டத்தை எதிர்த்து 1998இல் அங்குள்ள மருந்து உற்பத்தியாளர் சங்கமும் கம்பனிகளும் வழக்குத் தொடுத்தன. நோயாளர் அமைப்புகள் திரண்டு எதிர்த்தன. 2001 ஏப்ரலில் வழக்கு மீளப்பெறப்பட்டது.

உடலில் ஷெல் துண்டுகளோடும் தீராத நரம்பு வலியோடும் வாழ்பவர்கள், அரச ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாத நாட்களில் பாமசியில்தான் வாங்குகிறார்கள். அவர்களின் செலவுக் கணக்கையும் யாராவது அரசின் முன் வைக்கவேண்டும். எங்கள் மாவட்டங்களின் மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள், விலைத் திருத்தம் பேசப்படும் காலங்களில் சுகாதார அமைச்சுக்கும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கும் எழுத்தில் அதை அனுப்பத் தொடங்கலாம்.