வைன் சுவைத்தல்

வைன் சுவைத்தல் என்பது, திராட்சைச் சாற்றை நொதிக்கவைத்துப் பெறப்படும் வைனின் நிறம், மணம், சுவை, வாயில் அது தரும் உணர்வு ஆகியவற்றைக் கவனித்து, சொற்களில் பதிந்து, பிறர் கருத்துடன் ஒப்பிடுவதாகும். வணிகத்தில் இது ஒரு தொழிலாகவும் வீடுகளில் நண்பர்கள் கூடிச் செய்யும் பொழுதுபோக்காகவும் உள்ளது. ஒயின் எனவும் எழுதப்படும் இச்சொல், தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் எந்த மதுவையும் விற்கும் கடையைக் குறிக்கவே மிகுதியும் பயன்பட்டது. "ஒயின்ஸ்" எனப் பலகை வைத்த கடைகளில் பெரும்பாலும் விற்றவை பிராந்தியும் ரம்மும் ஆகும்.

தமிழகத்தில் வைன்

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945 இல் மோர்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக்கடல் நாடுகளில் இருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. இவற்றுட் பல வைன் கொண்டுவந்த சாடிகள். கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடி வகையும் அவற்றில் உண்டு. கோஸ் வைனில் கடல்நீர் கலப்பது வழக்கம். வைன் சாடிகளின் உட்புறம் பிசின் பூசப்படுவதும் உண்டு. ஆகவே இங்கு வந்திறங்கிய வைனில் ஒரு பகுதியாவது சற்றே உவர்ப்பும் பிசின் மணமும் கொண்டதாக இருந்திருக்கலாம். பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்றின் 56 ஆம் பாடல், யவனர் கொணர்ந்த மதுவை அதன் குளிர்ச்சியாலும் நறுமணத்தாலும் சிறப்பிக்கின்றது. சுவைக் குறிப்பு என்று இன்று சொல்லப்படுவதற்கு இது மிக நெருங்கியது.

இதே வட்டாரத்தில் திண்டிவனத்திற்கு அருகிலுள்ள ஓமந்தூரைச் சேர்ந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. பிரெஞ்சு ஆட்சியில் 1954 வரை இருந்த புதுச்சேரிக்கு இச்சட்டம் பொருந்தவில்லை. இதனால் சில கல் தொலைவுக்குள் ஒருபுறம் உணவு மேசையில் வைனும் மறுபுறம் முழு விலக்கும் நிலவின. இன்று தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பியோர் மது வாங்கலாம். ஆனால் உரிமமின்றி வீட்டில் வைன் தயாரிப்பது 1937 ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாகும்.

வீட்டில் சுவைக்கும் முறை

நான்கைந்து பேருக்கு மூன்று அல்லது நான்கு புட்டிகள் போதுமானவை. ஒருவருக்கு ஒரு வைனில் 50 மில்லிலீட்டர் எனக் கொண்டால், 750 மில்லிலீட்டர் புட்டி 15 பங்கு தரும். மென்மையான வெள்ளை வைனில் தொடங்கிச் சிவப்புக்குச் சென்று, இனிப்பு வைனை இறுதியில் வைப்பர். குவளையைச் சாய்த்து நிறத்தைப் பார்த்தபின், சுழற்றி முகர்ந்து, ஒரு மிடறு எடுத்து வாய் முழுதும் பரவவிடுவர். விழுங்காமல் துப்புவதும் முறையே.

சிவப்பு வைனை "அறை வெப்பநிலையில்" பரிமாறுக என்னும் அறிவுரை குளிர்நாடுகளுக்கு உரியது. அங்கு அது கருதுவது ஏறக்குறைய 15 முதல் 18 பாகை செல்சியசு. திண்டிவனத்துச் சித்திரை வெயிலில் அறை 35 பாகையைத் தொடும்போது, அவ்வறிவுரையைப் பின்பற்றினால் சாராய நெடியே மேலோங்கும். எனவே இங்கு சிவப்பு வைனையும் சிறிது நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தே பரிமாற வேண்டும்.

மணமும் சொற்களும்

சுவைத்ததைப் பகிர்வதற்குப் பொதுவான சொற்கள் தேவை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிசு வளாகத்தைச் சேர்ந்த ஆன் நோபல் 1980களில் மணச் சக்கரம் ஒன்றை உருவாக்கினார். அதிலுள்ள பிளாக்கரண்ட் போன்ற பழங்களை உண்டறியாதவர்க்கு அச்சொற்களால் பயன் சிறிதே. அவற்றை மனப்பாடம் செய்வதைவிட நாவற்பழம், கொய்யா, பம்பளிமாசு எனத் தாமறிந்தவற்றைச் சொல்வதே நேர்மையானது.

சில ஒப்புமைகள் வேதியியல் அடிப்படையிலும் உண்மையானவை. சிரா வகைத் திராட்சை வைனில் உணரப்படும் மிளகு மணம் ரொட்டண்டோன் என்னும் சேர்மத்தால் வருவது. மிளகிலும் இதுவே உள்ளது. மசுக்கட் திராட்சைகளின் மணத்துக்குக் காரணமான செரானியோல் ரோசாவிலும் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் மசுக்கட் ஆம்பர்க் வகைக்குத் தமிழர் பன்னீர் திராட்சை எனப் பெயரிட்டது தற்செயலன்று.

சிவப்பு வைனிலுள்ள டானின்கள் உமிழ்நீர்ப் புரதங்களுடன் சேர்ந்து நாவை வறளச் செய்கின்றன. மேலை அறிவியல் இதனைச் சுவையாகக் கொள்ளாமல் தொடுவுணர்வாகவே பெரிதும் கருதுகின்றது. தமிழிலோ துவர்ப்பு அறுசுவையுள் ஒன்று. வாழைப்பூவும் பாக்கும் தின்று பழகியவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

பார்வையின் செல்வாக்கு

2001 இல் வெளியான ஓர் ஆய்வில், போர்தோவில் வைனியல் பயின்ற 54 மாணவரிடம் மணமற்ற சிவப்பு நிறமி கலந்த வெள்ளை வைன் தரப்பட்டது. சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே அவர்கள் அதன் மணத்தை விவரித்தனர். விலையும் புட்டியின் ஒட்டுச்சீட்டும், கூட்டத்தில் முதலில் பேசுபவரின் கருத்தும் இவ்வாறே மற்றவர்களை இழுத்துச் செல்லக்கூடும். இதைத் தவிர்க்கப் புட்டிகளைச் செய்தித்தாளால் சுற்றி எண்ணிட்டு வைப்பர். அனைவரும் தத்தம் குறிப்பை எழுதி முடித்த பின்னரே பேச்சு தொடங்கும். தாள் பிரிக்கப்படுவது அதற்கும் பிறகே.