சூப்பர் சிங்கர் பட்டமும் மக்கள் வாக்கெடுப்பும்

சூப்பர் சிங்கர் பட்டம் என்பது விஜய் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் சூப்பர் சிங்கர் என்னும் பாட்டுப் போட்டியின் வெற்றியாளருக்கு வழங்கப்படும் பட்டம் ஆகும். 2006 இல் தொடங்கிய இப்போட்டியில் தொடக்கச் சுற்றுகளை இசைத்துறை நடுவர்கள் தீர்மானிக்கின்றனர். இறுதிக் கட்டத்தில் பார்வையாளர்கள் அளிக்கும் வாக்குகளுக்கு முதன்மை இடம் தரப்படுகிறது. தமிழ்த் தொலைக்காட்சியில் மக்கள் வாக்கால் முடிவு செய்யப்படும் பொழுதுபோக்குப் பரிசுகளுள் பரவலாக அறியப்பட்டது இதுவாகும். இதன் ஏழாம் பருவத்தின் இறுதிப் போட்டி நவம்பர் 2019 இல் கொங்கு நாட்டின் முதன்மை நகரமான கோயம்புத்தூரில் நடைபெற்றது.

பின்னணி

தமிழில் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் சூப்பர் சிங்கருக்கு முன்பே இருந்தன. சன் தொலைக்காட்சியில் ஏ. வி. ரமணன் நடத்திய சப்தஸ்வரங்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. அதில் நடுவர்களின் மதிப்பெண்ணே முடிவைத் தீர்மானித்தது. பார்வையாளர் கேட்பவராக மட்டுமே இருந்தார்.

பார்வையாளரையே தீர்ப்பாளராக்கும் முறை 2001 இல் பிரித்தானியாவில் தொடங்கிய பாப் ஐடல் நிகழ்ச்சியின் வழியாக உலகெங்கும் பரவியது. அதன் இந்திய வடிவமான இந்தியன் ஐடல் 2004 இல் இந்தியில் தொடங்கியது. செல்பேசிப் பயன்பாடு சிறு நகரங்களுக்கும் பரவிய காலம் அது. குறுஞ்செய்தி வழியாக வாக்களிப்பது எளிதானதால், இத்தகைய நிகழ்ச்சிகள் பிராந்திய மொழிகளிலும் வேரூன்றின. சூப்பர் சிங்கரின் தொடக்கப் பருவங்கள் ஏர்டெல் நிறுவனத்தின் பெயரைத் தாங்கி வந்தமை, தொலைபேசித் துறைக்கும் இந்நிகழ்ச்சிகளுக்கும் இருந்த நெருக்கத்தைக் காட்டுகிறது.

கோயம்புத்தூரும் வெகுமக்கள் கலையும்

கோயம்புத்தூருக்கு வெகுமக்கள் பொழுதுபோக்கில் நீண்ட வரலாறு உண்டு. இந்நகரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஊர் ஊராகச் சென்று படம் காட்டியபின், 1914 இல் இங்கு வெரைட்டி ஹால் என்னும் திரையரங்கைத் தொடங்கினார். பின்னர் சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ ஆகியவற்றால் இந்நகரம் திரைப்படத் தயாரிப்பு மையமாகவும் விளங்கியது. ம. கோ. இராமச்சந்திரன் நடித்த மலைக்கள்ளன் (1954) பட்சிராஜா நிறுவனத்தின் தயாரிப்பாகும்.

அக்காலத்தில் மக்களின் தீர்ப்பு நுழைவுச்சீட்டு விற்பனையில் வெளிப்பட்டது. ஒரு படம் எத்தனை வாரம் ஓடியது என்பதே அதன் மதிப்பாகக் கொள்ளப்பட்டது. தொலைக்காட்சி வாக்கெடுப்பு இதிலிருந்து ஒரு வகையில் வேறுபடுகிறது. இங்கு மக்களின் விருப்பம் ஒரு தனிமனிதரின் பெயருக்கு நேராக எண்ணப்படுகிறது. அந்த எண்ணிக்கை அவருடைய வாழ்க்கையையே மாற்றக்கூடிய பரிசாகவும் அமைகிறது.

தெரிவு முறை

போட்டி பொதுவாகப் பின்வரும் படிகளில் நடைபெறுகிறது.

* பல ஊர்களில் குரல் தேர்வு நடத்தப்பட்டுப் போட்டியாளர்கள் தெரிவு செய்யப்படுகின்றனர்.
* வாராந்தரச் சுற்றுகளில் நடுவர்களின் மதிப்பீட்டின்படி சிலர் நீக்கப்படுகின்றனர்.
* நீக்கப்பட்டவர்களுள் சிலர் வைல்டு கார்டு சுற்றின் வழியாக மீண்டும் நுழைய வாய்ப்புப் பெறுகின்றனர். இச்சுற்றில் பார்வையாளர் வாக்குக்கு இடமுண்டு.
* இறுதிப் போட்டியாளர்களுக்குப் பொதுமக்கள் வாக்களிக்கின்றனர். இறுதிப் போட்டி பெரிய அரங்கில் பல்லாயிரம் பேர் முன்னிலையில் நடத்தப்பட்டு ஒளிபரப்பாகிறது.

தொடக்கத்தில் குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு, இணையத்தளம் ஆகியவற்றின் வழியாக வாக்குகள் பெறப்பட்டன. பிற்காலப் பருவங்களில் ஹாட்ஸ்டார் செயலி முதன்மை வழியானது. இம்மாற்றத்தால் வாக்களிக்கும் செலவு குறைந்தது. மறுபுறம், திறன்பேசியும் இணைய இணைப்பும் இல்லாத முதியோர் பலருக்கு வாக்களிப்பது கடினமானது.

வெற்றியாளர்கள்

பெரியோர் பிரிவில் முதல் ஒன்பது பருவங்களின் வெற்றியாளர்கள்:

* முதல் பருவம் (2006) – நிகில் மாத்யூ
* இரண்டாம் பருவம் (2008–09) – அஜீஷ்
* மூன்றாம் பருவம் (2011) – சாய் சரண்
* நான்காம் பருவம் (2013–14) – திவாகர்
* ஐந்தாம் பருவம் (2015–16) – ஆனந்த் அரவிந்தாக்‌ஷன்
* ஆறாம் பருவம் (2018) – செந்தில் கணேஷ்
* ஏழாம் பருவம் (2019) – மூக்குத்தி முருகன்
* எட்டாம் பருவம் (2021) – ஸ்ரீதர் சேனா
* ஒன்பதாம் பருவம் (2022–23) – அருணா

முதல் எட்டுப் பருவங்களிலும் ஆண்களே பட்டம் வென்றனர். அருணாவே பெரியோர் பிரிவில் பட்டம் வென்ற முதல் பெண் ஆவார். சிறுவர்களுக்கான சூப்பர் சிங்கர் ஜூனியரில் நிலைமை வேறாக இருந்தது. அதன் முதல் ஆறு பருவங்களில் கிருஷ்ணமூர்த்தி, அல்கா அஜித், ஆஜித், ஸ்பூர்த்தி, பிரித்திகா, ஹிருத்திக் ஆகியோர் வென்றனர். இவர்களில் மூவர் சிறுமியர் ஆவர்.

நாட்டுப்புறப் பாடகர்களின் வெற்றி

புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த செந்தில் கணேஷ், தம் மனைவி இராஜலட்சுமியுடன் ஆறாம் பருவத்தில் பங்கேற்றார். இருவரும் நாட்டுப்புறப் பாடல்களை மேடைகளில் பாடி வந்தவர்கள். கருநாடக இசைப் பயிற்சியே தகுதியின் அளவுகோல் என்ற கருத்து நிலவிய மேடையில், ஒரு நாட்டுப்புறப் பாடகருக்கு மக்கள் பட்டம் அளித்தமை பரவலாகப் பேசப்பட்டது. இவ்விணையர் சார்லி சாப்ளின் 2 (2019) திரைப்படத்தில் பாடிய சின்ன மச்சான் பாடல் பெரும் வரவேற்பைப் பெற்றது.

புலம்பெயர் தமிழரும் வாக்கும்

இணையவழி வாக்களிப்பு வெளிநாடு வாழ் தமிழரையும் இப்போட்டியில் பங்காளராக்கியது. அமெரிக்காவைச் சேர்ந்த பிரகதி குருபிரசாத் 2012 இலும், கனடாவைச் சேர்ந்த ஈழத்தமிழ்ச் சிறுமி ஜெசிக்கா யூட் 2015 இலும் ஜூனியர் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றனர். ஜெசிக்காவுக்குப் பரிசாகக் கிடைத்த ஒரு கிலோ தங்கம் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் உள்ள ஆதரவற்ற சிறாருக்கு வழங்கப்படும் என மேடையிலேயே அறிவிக்கப்பட்டது. ஒரு பாட்டுப் போட்டி பல நாடுகளில் வாழும் தமிழரின் பொது நிகழ்வாக மாறியதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

விமர்சனங்கள்

மக்கள் வாக்கு முறை குறித்துப் பல விமர்சனங்கள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது, வாக்கு எதை அளவிடுகிறது என்பதாகும். குரல் வளத்துடன், போட்டியாளரின் ஊர், குடும்பச் சூழல், ஒளிபரப்பில் அவர் காட்டப்படும் விதம் ஆகியவையும் வாக்காளரின் மனத்தைப் பாதிக்கின்றன. 2007 இல் இந்தியன் ஐடலில் டார்ஜிலிங்கைச் சேர்ந்த பிரசாந்த் தமாங் வென்றபோது, அவருடைய பகுதி மக்கள் நிதி திரட்டிக் குறுஞ்செய்திகளை அனுப்பினர். ஊர்ப்பற்று வாக்காக மாறும் விதத்தை அந்நிகழ்வு தெளிவாகக் காட்டியது.

இரண்டாவது, வாய்ப்பின் சமன்மை பற்றியதாகும். ஐந்தாம் பருவத்தில் வென்ற ஆனந்த் அரவிந்தாக்‌ஷன் போட்டிக்கு முன்பே திரைப்படங்களில் பாடியவர் என்பது 2016 இல் சமூக ஊடகங்களில் விவாதத்தை எழுப்பியது. புதிய குரலைத் தேடும் போட்டியில் முன்பே பாடியவர் பங்கேற்கலாமா என்பதே அவ்விவாதத்தின் மையமாக இருந்தது.

மூன்றாவது, எண்ணிக்கையின் வெளிப்படைத்தன்மை. பொதுத் தேர்தலைப் போலன்றி, தொலைக்காட்சி வாக்கெடுப்பைச் சட்டத்தால் அமைந்த ஆணையம் எதுவும் மேற்பார்வையிடுவதில்லை. ஒருவர் பலமுறை வாக்களிக்க இடமிருந்தால், ஆதரவாளரின் எண்ணிக்கையை விட அவர்களின் ஊக்கமும் செலவு செய்யும் திறனுமே முடிவில் எதிரொலிக்கும்.

இம்முறையை ஆதரிப்போர், திரையிசை வெகுமக்களுக்கான கலை என்பதால் அவர்களே அதன் பாடகரைத் தெரிவு செய்வது பொருத்தமானது என வாதிடுகின்றனர். பரிந்துரையோ பின்புலமோ இல்லாத குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு இவ்வாக்கு வாயிலைத் திறந்தது என்பதும் அவர்களின் கருத்தாகும்.

தாக்கம்

பட்டம் வெல்வது மட்டுமே திரைத்துறை வாழ்வை உறுதி செய்வதில்லை. வென்றவர்களுள் அஜீஷ், கோவா (2010) திரைப்படத்தில் இதுவரை என்ற பாடலைப் பாடினார். மூன்றாம் பருவத்தில் பட்டம் பெறாத சத்யபிரகாஷ் பின்னணிப் பாடகராக நிலைபெற்றார். மெர்சல் (2017) திரைப்படத்தின் ஆளப்போறான் தமிழன் பாடலைப் பாடியோருள் அவரும், அதே பருவத்தில் பங்கேற்ற பூஜாவும் அடங்குவர். வாக்கெடுப்பு ஓர் இரவின் விருப்பத்தைப் பதிவு செய்கிறது. இசையமைப்பாளரின் அழைப்பும் கேட்போரின் நினைவும் அதன்பின் தனியே அமைகின்றன.

இவற்றையும் பார்க்க

* விஜய் தொலைக்காட்சி
* கலக்கப் போவது யாரு
* இந்தியன் ஐடல்
* சாமிக்கண்ணு வின்சென்ட்
* கோயம்புத்தூர்