ஐஸ்வீசல்

ஐஸ்வீசல் என்பது டெபியன் இயங்குதளத்தின் நிலையான வெளியீடுகளில் 2007 முதல் 2016 வரை இடம்பெற்ற இணைய உலாவி ஆகும். இது மொசில்லா பயர்பாக்ஸின் மூல நிரலிலிருந்து உருவாக்கப்பட்டது. பெயர், சின்னம், டெபியன் செய்த சில திருத்தங்கள் ஆகியவை தவிர இரண்டிற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பின்னணி

டெபியன், தன்னார்வலர்கள் உருவாக்கும் ஒரு லினக்ஸ் வழங்கல் ஆகும். இதனை 1993 இல் இயன் மர்டாக் தொடங்கினார். இதன் முதன்மைத் தொகுப்பிலுள்ள மென்பொருட்களை எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் மறுபகிர்வு செய்யவும் இயல வேண்டும் என 1997 இல் ஏற்கப்பட்ட டெபியன் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. பயர்பாக்ஸின் நிரல் இதற்குப் பொருந்தியது. அதன் நரிச் சின்னத்தின் உரிமம் பொருந்தவில்லை. எனவே டெபியன் சின்னத்தை நீக்கி, பயர்பாக்ஸ் என்ற பெயருடன் மட்டும் உலாவியை வழங்கி வந்தது.

பெயர்ச் சிக்கல்

பயர்பாக்ஸ் ஒரு பதிவு செய்யப்பட்ட வணிகக்குறி. தரம் குறைந்த மாற்றங்கள் அப்பெயரில் பரவுவதைத் தடுக்க மொசில்லா விரும்பியது. பெயரையும் சின்னத்தையும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும், செய்யும் மாற்றங்களுக்குத் தன் ஒப்புதல் பெற வேண்டும் என 2006 இல் டெபியனிடம் கோரியது.

டெபியன் ஒரு நிலையான பதிப்பை வெளியிட்டபின் அதிலுள்ள மென்பொருட்களுக்குப் பொதுவாகப் புதிய பதிப்புகளைச் சேர்ப்பதில்லை. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பழைய பதிப்பிற்கேற்ப மாற்றிச் சேர்க்கிறது. மொசில்லா ஆதரவை நிறுத்திவிட்ட பதிப்புகளுக்கும் இப்பணி தேவைப்பட்டது. இதற்கு ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஒப்புதல் பெறுவது கடினம். மேலும், டெபியனுக்கு மட்டும் தரப்படும் சலுகையை வழிகாட்டுதல்கள் ஏற்பதில்லை; டெபியனிடமிருந்து பெறுவோருக்கும் அதே உரிமை கிடைக்க வேண்டும். அதே வேளை, மாற்றிய நிரலுக்கு வேறு பெயர் இடுமாறு ஆக்குநர் கோருவதை அவை அனுமதிக்கின்றன. இதன்படி டெபியன் பெயரை மாற்றியது. உபுண்டு வழங்கல் பயர்பாக்ஸ் என்ற பெயரையும் சின்னத்தையும் தொடர்ந்து பயன்படுத்தியது.

பெயர்

நெருப்பிற்கு எதிராகப் பனிக்கட்டியும், நரிக்குப் பதிலாகக் கீரி போன்ற வீசல் என்ற சிறு விலங்கும் கொண்டு இப்பெயர் அமைந்தது. இவ்வாறே தண்டர்பேர்டு ஐஸ்டவ் எனவும், சீமங்கி ஐஸ்ஏப் எனவும் பெயர் பெற்றன.

விளைவுகள்

ஏப்ரல் 8, 2007 அன்று வெளியான டெபியன் 4.0 பதிப்பில் ஐஸ்வீசல் இடம்பெற்றது. மாற்றும் உரிமை காக்கப்பட்டாலும் பயனர்களுக்குச் சில இடர்கள் ஏற்பட்டன. பட்டியலில் பயர்பாக்ஸைத் தேடிய புதியவர்கள் அதனைக் காணவில்லை. உலாவியின் பெயரைச் சோதித்துப் பார்க்கும் சில தளங்கள் இதனை அறியாத உலாவியாகக் கருதின.

மீண்டும் பயர்பாக்ஸ்

2012 இல் மொசில்லா, ஏறத்தாழ ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் பெறும் நீட்டித்த ஆதரவு வெளியீடுகளைத் தொடங்கியது. 2013 இல் டெபியன் தன் நிலையான பதிப்பிற்கு அவற்றைத் தேர்ந்தெடுத்தது. இதனால் டெபியன் தனியே திருத்த வேண்டிய பணி குறைந்தது. சின்னமும் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கலாயிற்று. டெபியனின் மாற்றங்கள் தரத்தைப் பாதிக்கவில்லை என்பதை மொசில்லா 2016 இல் ஏற்றுக்கொண்டது. இத்தகைய மாற்றங்களை மட்டும் செய்யும் டெபியன் வழி வழங்கல்களும் பெயரைப் பயன்படுத்தலாம் என்றது. 2016 சூனில் டெபியன் 8 பதிப்பின் பயனர்களுக்குப் பயர்பாக்ஸ் என்ற பெயரிலேயே உலாவி வந்து சேர்ந்தது. தண்டர்பேர்டும் 2017 இல் தன் பெயரைத் திரும்பப் பெற்றது.