வைரம் செதுக்கிய கைகள்

2015 ஏப்ரல் 4 பங்குனிப் பௌர்ணமி. சந்திர கிரகணமும் அன்றுதான். கிரிவலம் வந்த கூட்டம் திருவண்ணாமலையை விட்டு வடிந்த மூன்றாம் நாள், 7ஆம் தேதி காலையில், திருப்பதிக்குப் பக்கத்தில் சேஷாசலம் காட்டில் இருபது பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. செம்மரம் வெட்டப் போனவர்களாம். இருபது பேரும் தமிழர்கள். பன்னிரண்டு பேர் எங்கள் திருவண்ணாமலை மாவட்டம், ஏழு பேர் தருமபுரி, ஒருவர் சேலம்.

ஜவ்வாது மலையில் பதினோரு வருடம் வாத்தியாராக இருந்தவன் நான். மறுநாள் பேப்பரில் வந்த பெயர்களை விரல் வைத்துப் படித்தேன். என்னிடம் படித்தவன் யாரும் இல்லை. அந்தக் கணம் எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அடிவாரத்துப் படவேடு பக்கத்து ஆட்களும் மலையாளிப் பழங்குடிகளும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

மலையாளி என்றால் கேரளத்துக்காரர் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர் மலையேறியதாகச் சொல்லிக்கொள்ளும் மக்கள். ஜவ்வாது, சித்தேரி, கல்வராயன், சேர்வராயன் மலைகளில் சாமையும் தேனும் புளியும் கடுக்காயுமாக வாழ்ந்தவர்கள். மழை பொய்த்தால் கர்நாடகத்துக் காப்பித் தோட்டம், கேரளத்து மிளகுத் தோட்டம் என்று இறங்கிப் போவார்கள்.

இவர்களை ஏன் செம்மரத்துக்குத் தேடிவந்தார்கள்? கோடாலிதான் காரணம். ஜவ்வாது மலை சந்தனத்துக்குப் பேர்போனது. திருப்பத்தூர் அரசு சந்தன டிப்போவில் ஏலம் போன கட்டைகள் இந்த மலைச் சரிவுகளில் வளர்ந்தவை. சந்தனத்தை அடிமரத்தோடு வெட்டி விட்டுவிட மாட்டார்கள். வேரிலும் வாசனை இருப்பதால் தோண்டி எடுக்க வேண்டும். பிறகு மேலே உள்ள வெள்ளையைச் செதுக்கித் தள்ளி, உள்ளே இருக்கும் வைரத்தை மட்டும் எடுக்க வேண்டும். ஒரு வீச்சு ஆழமாக விழுந்தால் வைரம் போய்விடும். என் மாணவன் ஒருவனின் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: “சர்க்காரு கூப்பிட்டப்ப கூலிக்கு வெட்டினோம் சார். அதே மரத்த நாங்களா தொட்டா கேசு.” சொந்தப் பட்டா நிலத்தில் முளைத்த சந்தனத்தைக்கூட அன்று இஷ்டப்படி வெட்டி விற்க முடியாது. செம்மரத்துக்கும் வெள்ளையைச் செதுக்கும் இதே கைவேலைதான் தேவை. மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பான். கட்டைக்குச் சொந்தக்காரன் யாரென்று வெட்டுகிறவனுக்குக் கடைசிவரை தெரியாது.

மரத்துக்குக் காவல் என்று ஆயுதத்தோடு வந்த படை மலைச்சனத்தின்மேல் பாய்ந்தது சேஷாசலத்தில் தொடங்கியது அல்ல. 1992 ஜூன் 20 அன்று சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் நுழைந்தன. பதினெட்டுப் பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை இடித்து, தானியத்தைப் பாழாக்கி, குழந்தைகளோடு சிறைக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருடம் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனைப் பிடிக்கத் தமிழகமும் கர்நாடகமும் கூட்டு அதிரடிப்படை அமைத்தன. மாதேஸ்வரன் மலையிலும் சுற்றுக் காடுகளிலும் சோளகர் பழங்குடிகள் உள்ளிட்ட மக்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பலர்மேல் தடா வழக்கு. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. 2007இல் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு என்று முடிவானது. காட்டில் கலகப் படையை ஒடுக்கும் முறை எதுவோ, அதையே விறகும் தேனும் எடுக்கிறவர்கள்மேலும் பிரயோகித்தார்கள். சந்தேகப்பட ஒருவன் மலைக்காரனாக இருந்தாலே போதும் என்றாகிவிட்டது.

2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களின் துக்கமும் துக்கம்தான். ஆனால் அந்த வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழ்க் கூலிகளை அடைத்துவைத்து, 2016இல் விடுதலை செய்தார்கள். இடையில்தான் இந்த ஏப்ரல் 7. கல்லும் கோடாலியும் வீசித் தாக்கியதால் தற்காப்புக்குச் சுட்டோம் என்றது ஆந்திரச் சிறப்புப் படை. கூடப் போய் உயிர் தப்பியவர்களோ, வழியிலேயே பிடித்துக்கொண்டு போனார்கள் என்று மனித உரிமை ஆணையத்தில் வாக்குமூலம் கொடுத்தார்கள்.

ஆறு உடல்களை எரிக்க மறுத்தார்கள் உறவுக்காரர்கள். எங்கள் ஊர் அரசு மருத்துவமனைச் சவக்கிடங்கில் அவை கிடந்தன. உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு ஐதராபாத்திலிருந்து மருத்துவர்கள் வந்து மறுபடி அறுத்துப் பார்த்தார்கள். அந்த நாள்களில் மருத்துவமனை வேப்பமரத்தடியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். “கட்டட வேலைக்குன்னுதான் சொல்லிட்டுப் போனாரு” என்பதைத் தவிர அவளிடமிருந்து வேறு பேச்சு வரவில்லை. கோயில் வாசலுக்கும் அந்த இடத்துக்கும் ஆட்டோவில் சில நிமிட தூரம்தான்.

சாவு அதோடு நிற்கவில்லை. 2018 பிப்ரவரியில் கடப்பா ஒண்டிமிட்டா ஏரியில் கல்வராயன் மலைப் பக்கத்து ஐந்து பேர் பிணமாக மிதந்தார்கள்.

வாச்சாத்தி மக்கள் நீதி கேட்பதை விடவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் துணை நிற்க, பத்தொன்பது வருடம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பு வந்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சேஷாசலத்தின் இருபது பேருக்கும் அப்படி ஒரு விசாரணை வேண்டும். சுட்டவர்களைக் கூண்டில் நிற்கவைத்துக் கேட்க வேண்டும். எங்கள் மாவட்டத்துச் சட்டமன்ற உறுப்பினர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.